தீவுப் பயணமும் ஆகார விசாரமும்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

இந்த மேடையில் ஆண்டுதோறும் கம்பரைப் பற்றியும் வள்ளுவரைப் பற்றியும் கற்றறிந்தோர் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். இவ்வாண்டு செயலாளர் அவர்கள் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்து, "நீங்கள் இலட்சத்தீவுக்குப் போய் வந்ததைச் சொல்லுங்கள்" என்றபோது திகைத்தோம். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோய், பார்சல் அலுவலகத்தில் ரசீதும் கணக்கும் எழுதிக் காலம் கழிக்கும் எங்களுக்குச் சொற்பொழிவு என்ன தெரியும்? ஆயினும் 2024 ஜனவரியில் பிரதமர் அத்தீவுகளுக்குச் சென்ற படங்கள் வெளிவந்தது முதல், காலனியில் எங்களைக் காண்போரெல்லாம் இரண்டு கேள்விகளைக் கேட்கின்றனர். எப்படிப் போனீர்கள் என்பது ஒன்று. என்ன சாப்பிட்டீர்கள் என்பது மற்றொன்று. தனித்தனியே விடை சொல்லி அலுத்த நாங்கள், ஒலிபெருக்கி முன் நின்று ஒரேயடியாகச் சொல்லிவிடலாம் என்று துணிந்தோம்.

முதற் கேள்வியைவிட இரண்டாவதே பெரிது. ஆகவே அதிலிருந்து தொடங்குகிறோம்.

எங்கள் வீட்டில் ஹலால் என்ற சொல் அடிக்கடி வழங்கும். மார்க்கத்தில் ஆகுமானது என்பது அதன் பொருள். பன்றியிறைச்சியும் மதுவும் எங்களுக்கு விலக்கு என்பதை எல்லோரும் அறிவீர்கள். ஆடும் கோழியுங்கூட இறைவன் பெயரைச் சொல்லி முறைப்படி அறுக்கப்பட்டிருந்தால்தான் ஆகும். வீட்டில் இருக்கும்வரை இது ஒரு சிரமமே அன்று. தெரிந்த கடையில் வாங்குகிறோம். எங்கள் அடுப்பில் சமைக்கிறோம். வாசற்படியைத் தாண்டியபின்தான் விசாரம் பிறக்கிறது. யார் அறுத்தார், எந்த எண்ணெயில் பொரித்தார், அதே வாணலியில் முன்பு வேறென்ன பொரிந்தது என்றெல்லாம் கேட்க வேண்டும். கேட்டால் சிலர் முகம் சுளிப்பர். சிலர் கேள்வி முடியுமுன்பே "எல்லாம் சரிதான்" என்று தலையசைப்பர். இந்த இரண்டாம் வகையினரிடந்தான் எங்களுக்கு அச்சம் மிகுதி.

ஆகையால் வண்டி ஏறியவுடன் நாங்கள் சைவர்களாகிவிடுவது வழக்கம். நாகபுரியில் ஏறி, சொந்த ஊராகிய உத்தமபாளையம் போய்ச் சேரும்வரை புளிச்சோறும், மிளகாய்ப்பொடி தடவிய இட்டிலியும், ஊறுகாயுந்தான். எங்கள் அம்மாவோ அதையும் வெளியில் வாங்கியவர் அல்லர். அத்தா ரயில்வே உத்தியோக நிமித்தம் நாகபுரிக்கு வந்தபோது மணப்பெண்ணாக உடன் வந்தவர் அவர். அந்நாள் முதல், உறவினர் வீட்டு விருந்து நீங்கலாக, பிறர் சமைத்த இறைச்சியில் ஒரு துண்டைக்கூட வாயில் வைத்ததில்லை. அத்தா மறைந்து, அந்த வேலை வாரிசு முறையில் எங்களுக்கு வந்து, பேரப் பிள்ளைகளும் பிறந்தபின்னும் அவ்வழக்கம் மாறவில்லை.

நாம் வாழும் இவ்வூர், நாட்டின் நடுவிடம் என்று பலரும் சொல்லும் ஊர். எந்தத் திசையில் போனாலும் கடல் வெகுதூரம். எங்கள் மகனுக்குப் பதின்மூன்று வயதும் மகளுக்கு எட்டு வயதும் ஆகியிருந்தபோது, இருவரும் கடலைப் பாடப் புத்தகத்தில்தான் கண்டிருந்தனர். ஓரிரவு உணவு வேளையில் கடல் பார்க்கப் போக வேண்டும் என்று இருவரும் அடம் பிடித்தனர். அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே, "போனால் ஒரு நாளாவது கேட்காமல் சாப்பிடுகிற ஊருக்குப் போக வேண்டும்" என்றார். விளையாட்டாகச் சொன்னார் என்றே முதலில் எண்ணினோம். அன்றிரவு உறக்கம் வராமல் அச்சொல்லைத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தோம்.

முதலில் அந்தமானைக் கருதினோம். அங்கே தமிழர் ஏராளம். ஆனால் சென்னையில் புறப்படும் கப்பல் அங்குப் போய்ச் சேர ஏறக்குறைய மூன்று நாள் ஆகும்; திரும்ப மூன்று நாள். எங்கள் விடுப்பு கடலிலேயே கழிந்துவிடும். அப்போது அலுவலகத்தில் உடன் வேலை பார்த்த மலையாள நண்பர் ஒருவர், "இலட்சத்தீவு இருக்க ஏன் கவலைப்படுகிறீர்கள்? உங்கள் தாயார் அங்கே எந்த அடுப்பையும் விசாரிக்க வேண்டியதில்லையே" என்றார். அந்தத் தீவுகளைப் பற்றி எங்களுக்கு அதுவரை பெயருக்குமேல் ஒன்றும் தெரியாது.

விசாரித்து அறிந்ததைச் சுருங்கச் சொல்கிறோம். கேரளக் கரைக்கு மேற்கே, கொச்சியிலிருந்து சுமார் 220 முதல் 440 கிலோமீட்டர் தொலைவில், அரபிக் கடலில் சிதறிக் கிடக்கும் பவளத் தீவுகள் அவை. எல்லாவற்றையும் சேர்த்தாலும் நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டர்தான். கடல் மட்டத்திற்குச் சில அடிகளே உயர்ந்தவை. குன்றும் இல்லை, ஆறும் இல்லை. காற்று எத்திசையிலிருந்து புறப்பட்டாலும் தடுப்பாரின்றித் தென்னந்தோப்பின்மீது வந்து விழும். மக்கள் வாழும் தீவுகள் பத்து. 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி மக்கள்தொகை 64,473. அவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேருக்குமேல் முஸ்லிம்கள். நம் சங்கத்தாருக்கு உவப்பான செய்தியும் ஒன்றுண்டு. 1956 நவம்பர் முதல் தேதி தனி யூனியன் பிரதேசமாகும்வரை இத்தீவுகள் பழைய சென்னை மாநிலத்தைச் சேர்ந்தவை. இலட்சத்தீவு என்னும் பெயர் 1973இல்தான் வந்தது.

2017 டிசம்பரில் போவதாக முதலில் நிச்சயித்தோம். விடுப்புக் கிடைக்கவில்லை, மனம் வருந்தினோம். அந்த மாதத் தொடக்கத்திலேயே ஒக்கிப் புயல் குமரிமுனையைச் சூறையாடிவிட்டு நேரே அத்தீவுகளின்மேல் சென்றது. மினிக்காயும் கல்பேனியும் பெரிதும் அடிபட்டன. கடலில் சிக்கிய நம் குமரி மாவட்டத்து மீனவர் பலர் அத்தீவுகளில் ஒதுங்கி உயிர் பிழைத்தனர். அச்செய்திகளைக் கேட்ட அம்மா, "அங்கேயா போகப் போகிறோம்?" என்று ஒருமுறை கேட்டதோடு சரி, மறுபடி அப்பேச்சை எடுக்கவில்லை. எடுக்காததுதான் எங்களைச் சுட்டது. ஆறு மாதம் கழித்து நாங்களே மீண்டும் தொடங்கினோம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே சுற்றுலா நினைக்கவே கூடாது என்றும், ஜனவரியும் பிப்ரவரியும் கடல் பொதுவாக அடங்கியிருக்கும் மாதங்கள் என்றும் அறிந்து, 2019 ஜனவரியைக் குறித்துக்கொண்டோம்.

இந்தச் சமயத்தில்தான் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் அப்போது குடியிருந்த நெல்லைச் சீமை அண்ணாச்சி குடும்பம் எங்களோடு சேர்ந்தது. அண்ணாச்சி கார்டாகப் பணியாற்றி, ஓய்வு பெறும் தறுவாயில் இருந்தார். அவருடைய மனைவியாரை எங்கள் குழந்தைகள் ஆச்சி என்பர். எங்கள் அம்மாவும் அவரும் ஒருவரையொருவர் மதினி என்று அழைப்பர். "நாங்களும் வருகிறோம்" என்று ஆச்சி சொன்னவுடன் எங்களுக்கு மகிழ்ச்சியும் கவலையும் ஒருங்கே உண்டாயின. அவர்கள் சுத்த சைவம். முட்டை பட்ட கரண்டியையும் தொடார். தீவிலோ தென்னையைத் தவிரப் பெரிதாக ஒன்றும் விளைவதில்லை. அரிசியும் காய்கறியும் கப்பலில்தான் வந்து இறங்குகின்றன. மீனும் தேங்காயுமே அவர்களுடைய சமையலின் உயிர். எங்களுக்குச் சொர்க்கமாக இருக்கப்போகும் ஊர், ஆச்சிக்குப் பட்டினி ஊர் ஆகிவிடுமோ என்று அஞ்சினோம். இதைச் சொன்னபோது ஆச்சி சிரித்துவிட்டு, "நாற்பது வருஷமாக மதினி ரயிலில் புளிச்சோறு தின்னவில்லையா? அஞ்சு நாள் நானும் தின்கிறேன்" என்றார்.

நான்கு மாதம் ஆயத்தம் செய்தோம். வெளியூரார் எவரும் அனுமதிச் சீட்டு இல்லாமல் அத்தீவுகளில் காலடி வைக்க இயலாது. 1967 முதல் அதற்கெனத் தனி விதிகள் உள்ளன. விண்ணப்பம், புகைப்படங்கள், காவல் நிலையத்துக்கு இருமுறை நடை ஆகியவற்றை விவரித்து உங்கள் பொறுமையைச் சோதிக்க விரும்பவில்லை. ரயில்வே பாஸ் எர்ணாகுளம் வரை எங்களைக் கொண்டு சேர்த்துவிடும். கைம்பெண்ணான தாயாரும் அந்தப் பாஸில் அடக்கம். அதற்கப்பால் கப்பற் செலவு நம் கைப்பணம். அரசின் சுற்றுலா ஏற்பாட்டில் கவரத்தி என்னும் கப்பலில் இடம் பதிவு செய்தோம். எழுநூறு பேர் ஏறக்கூடிய அக்கப்பல் ஐந்து நாளில் மூன்று தீவுகளைக் காட்டித் திரும்பும். பகலில் தீவு, இரவில் கப்பல். விடுதி தேடும் தொல்லை இல்லை.

ஆகார விசாரத்தைத்தான் விரிவாகச் செய்தோம். தீவில் கவலை இல்லை, கப்பலில்? கப்பற் சமையலறையில் இறைச்சி எங்கிருந்து வருகிறது என்று முன்கூட்டியே கேட்டு, ஹலால்தான் என்று தெளிவான விடை பெற்றோம். பயணத்தில் தொழுகைக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. குறிப்பிட்ட தொலைவுக்குமேல் பயணம் செய்வோர் நான்கு ரக்அத்துத் தொழுகையை இரண்டாகச் சுருக்கிக்கொள்ளலாம்; ஆடும் கப்பலில் நிற்க இயலாதவர் அமர்ந்தே தொழலாம். கப்பல் கொச்சியிலிருந்து மேற்கே செல்லும்போது, முகப்புக்குச் சற்று வலப்புறமாகத் திரும்பினால் மக்காவின் திசை என்பதை மகன் வரைபடத்தில் கோடு போட்டுக் கண்டுபிடித்தான். அம்மா அந்தத் தாளை மடித்துப் பணப்பையில் வைத்துக்கொண்டார். மதுபானக் கூச்சல் இருக்குமோ என்ற அச்சமும் நீங்கியது. நாங்கள் செல்லவிருந்த தீவுகளில் மதுவுக்கு இடமில்லை. ஆச்சி பருப்புப் பொடி, மோர் மிளகாய், நார்த்தங்காய், முறுக்கு என்று ஒரு டின் நிறையக் கட்டினார். எர்ணாகுளத்தில் ஒரு வாழைத்தாரே வாங்கினோம். இவ்வளவையும் எண்ணிய நாங்கள் எண்ண மறந்தது ஒன்று. அதைப் பின்னால் சொல்கிறோம்.

கப்பல் கொச்சியை விட்டுக் கிளம்பியதும், கரை சிறுத்துச் சிறுத்து மறைந்ததும், எங்கள் மகள் கடலைப் பார்த்து வாயடைத்து நின்றதும் தனி உரைக்கு உரியவை. மறுநாள் காலையில் கவரத்தித் தீவு, தண்ணீரின்மேல் மை கொண்டு இழுத்த கோடு போலத் தெரிந்தது. தீவைச் சுற்றிப் பவளத் திட்டும், அதனுள்ளே ஆழமற்ற பச்சை நீரும் இருப்பதால் பெரிய கப்பல் உள்ளே நுழைய முடியாது. வெளியே கடலிலேயே நின்றுவிடும். கப்பலின் விலாவில் உள்ள கதவு வழியாகச் சிறு படகில் இறங்க வேண்டும். படகோ ஒரு நொடி நம் பாதத்தளவு உயர்கிறது. மறுநொடி ஆள் உயரம் தாழ்கிறது. மாலுமிகள் இருவர் நம் இரு கைகளையும் பற்றிக்கொண்டு, படகு உயரும் கணத்தில் "இப்போது!" என்பர், அக்கணத்தில் கால் வைத்துவிட வேண்டும். அறுபத்தேழு வயதான அம்மா, முழங்கால் வாதம் உள்ளவர், வாயில் திருமொழி ஒன்றை முணுமுணுத்தபடி காலை வைத்தார். வைத்த கால் பலகையில் மோதிற்று. "ஒன்றுமில்லை" என்றார். நாங்களும் நம்பினோம்.

கவரத்தியில் உஜ்ரா பள்ளிவாசலைக் கண்டோம். அதன் மரக் கூரையிலும் தூண்களிலும் உள்ள செதுக்கு வேலையை நம் கோயில் சிற்பத்தோடு ஒப்பிட்டு அண்ணாச்சி வெகுநேரம் வியந்தார். கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் ஒன்று அங்கே 2005 முதல் இருக்கிறது. அமைத்தவர்கள் சென்னையிலுள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்தார். மேல்மட்டத்து வெதுவெதுப்பான நீரைக் காற்றழுத்தம் குறைந்த கலத்தில் ஆவியாக்கி, ஆழ்கடலிலிருந்து குழாய்வழி ஏற்றிய குளிர்ந்த நீரைக்கொண்டு அந்த ஆவியைக் குளிர்வித்துத் தண்ணீராக்குகிறார்கள். நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர். கிணற்றைத் தோண்டினால் மணலுக்கடியில் மெல்லிய ஏடுபோல் மழைநீரும், அதன்கீழ் உப்புநீருமாக இருக்கும் ஊரில் அது எத்தகைய கொடை என்பதை எண்ணிப் பாருங்கள்.

நண்பகல் உணவு கடற்கரைத் தென்னந்தோப்பில். சோறு, சூரை மீன் குழம்பு, கோழி வறுவல். அம்மா தட்டைக் கையில் வாங்கிக்கொண்டார். வாங்கியவுடன், ஐம்பதாண்டுப் பழக்கம் விடுமா, பரிமாறிய இளைஞரிடம், "தம்பி, இது ஹலால்தானே?" என்றார். அந்த இளைஞருக்குக் கேள்வியே விளங்கவில்லை. தீவு மலையாளத்தில் திரும்பக் கேட்டார். நாங்கள் விளக்கியதும் அவர் நெடுநேரம் அம்மாவையே பார்த்துவிட்டு, "உம்மா, இந்தத் தீவில் இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை" என்றார். அம்மா பதில் பேசாமல் மணலில் அமர்ந்தார். கோழித் துண்டு ஒன்றை எடுத்து வாயில் வைத்தார். மென்றார். இன்னொன்று எடுத்தார். நாங்கள் எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்து, "என்ன வேடிக்கை? அவரவர் சாப்பிடுங்கள்" என்று அதட்டினார்.

அதன்பின் நடந்ததைத்தான் நாங்கள் எதிர்பார்க்கவில்லை. தம் தட்டை முடிக்குமுன்பே அம்மாவின் பார்வை ஆச்சியின் தட்டின்மேல் போயிற்று. அதில் வெறுஞ் சோறும் நார்த்தங்காயும் இருந்தன. பருப்பு இருக்கிறதே, ஏன் போட்டுக்கொள்ளவில்லை என்று கேட்டார். "எதற்கு வம்பு, மதினி?" என்றார் ஆச்சி. அம்மா கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். முழங்கால் வலியோடு நேரே அடுப்படிக்கு நடந்தார். பருப்பு எந்தப் பாத்திரத்தில் வெந்தது, மீன் பொரித்த எண்ணெயா தாளிப்புக்கு, கரண்டி தனியா, சோறு வடித்த பானையில் முன்பு என்ன இருந்தது? தமக்காக வாழ்நாளில் கேட்ட கேள்விகளையெல்லாம்விட அந்தக் கால் மணி நேரத்தில் ஆச்சிக்காகக் கேட்டவை அதிகம். அந்தச் சமையற்காரர் முகம் சுளிக்கவில்லை. பருப்பைப் புதிதாக ஒரு சிறு பாத்திரத்தில் தாளித்து, அம்மா கையிலேயே கொடுத்தார். கப்பலுக்குத் திரும்பியதும் அங்கும் அம்மா சமையலறை வாசலில் போய் நின்றார். மறுநாள் முதல் மீன் ஏறுமுன்பே சோறும் பருப்பும் ஒரு தூக்கில் தனியே எடுத்து வைக்கப்பட்டன.

இரண்டாம் நாள் கல்பேனி. 1847இல் அடித்த பெருஞ் சூறாவளி கடலடியிலிருந்து வாரி எறிந்த பவளக் கற்கள் இன்றும் அத்தீவின் கரையில் மேடாகக் குவிந்து கிடக்கின்றன. காற்றின் கையெழுத்து அது என்று அண்ணாச்சி சொன்னார். அவருக்குச் சற்றுக் கவிதை வரும். அன்று உணவில் மஞ்சள் நிறத்தில் உதிரி உதிரியாக ஒரு தொடுகறி வந்தது. தேங்காய்த் துருவல், வெங்காயம், மஞ்சள் மணம். தேங்காய்ப் பொடிமாஸ் என்று எண்ணி ஆச்சி கையை நீட்டினார். "மதினி, கையை எடுங்கள்!" என்று அம்மா போட்ட சத்தத்தில் பக்கத்துத் தென்னையிலிருந்த பறவை பறந்தது. சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, கல்போல் உலர்த்தியதைத் தீவார் மாஸ் என்பர். நம் கடைகளில் மாசிக் கருவாடு என்று விற்பது அதுவே. அதை இடித்துத் தேங்காயோடு கலந்த தொடுகறி அது. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. அம்மாவுக்கு மூக்கு காட்டிக் கொடுத்துவிட்டது. தீவுகளுக்குச் செல்லக் கருதும் சைவ அன்பர்கள் இந்த ஒன்றை மட்டும் மறவாமல் மனத்தில் கொள்ள வேண்டுகிறோம். அங்கே தேங்காய் தெரியும் இடமெல்லாம் மாசியும் மறைந்திருக்கலாம்.

எங்களுக்கும் ஒரு சோதனை வந்தது. அங்கே ஆக்டோபஸை, அதாவது நம் மீனவர் பேய்க்கணவாய் என்பதை, வறுத்து உண்பர். மகன் ஆசைப்பட்டான். தீவு மக்கள் ஷாஃபி வழியினர். கடலில் வாழும் உயிர்கள் பொதுவாக அவர்களுக்கு ஆகும். நாங்கள் ஹனஃபி வழியினர். எங்களுக்கு மீன் மட்டுமே. "எல்லாரும் முஸ்லிம்தானே, நன்னி? அவர்கள் சாப்பிடுகிறார்களே" என்று மகன் வாதாடினான். "அவர்களுக்கு ஆகும், நமக்கு ஆகாது. தட்டைப் பார்த்து முகத்தைச் சுளிக்காதே, அவ்வளவுதான்" என்றார் அம்மா. கேட்காமல் சாப்பிடுகிற ஊரைத் தேடிப் போனவருக்கு அங்கும் ஒரு கேள்வி காத்திருந்தது. அதைப்பற்றி அவர் வருந்தியதாகத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் மினிக்காய். எல்லாவற்றிலும் தென்கோடியில், மாலத்தீவுக்கு அண்மையில் உள்ள தீவு. அன்று விடியும்போதே காற்று எழுந்துவிட்டது. கப்பலின் விலாவில் அலை அறைந்தது. கீழே வந்து நின்ற படகு, பந்துபோல் துள்ளியது. முந்திய இரு நாள் ஏறி இறங்கியதில் அம்மாவின் முழங்கால் வீங்கியிருந்தது. முதல் நாள் மோதியதை அவர் மறைத்திருக்கிறார். மாலுமிகளில் மூத்தவர் வந்து பார்த்து, "இந்தத் தாயை இன்று இறக்கமாட்டேன்" என்றார். நாங்கள் ஏதேதோ சொல்லிப் பார்த்தோம். அவர் கடலைக் கையால் காட்டினார். ஆச்சி, "எனக்கும் தலை சுற்றுகிறது, நான் மதினியோடு இருக்கிறேன்" என்று அமர்ந்துவிட்டார். அவருக்குத் தலை சுற்றவில்லை என்பதை நாங்கள் அறிவோம்.

மினிக்காயைக் கண்டு மகிழ்ந்தோம் என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை; ஆனால் காண வேண்டிய தீவு அதுவே. 1885இல் கட்டிய கலங்கரை விளக்கத்தின்மேல் ஏறினால், தீவு முழுவதும் வளைந்த வெள்ளரித் துண்டுபோல் காலடியில் கிடக்கிறது. பேச்சு மலையாளம் அன்று; மாலத்தீவு மொழிக்கு இனமான மஹல். எழுத்து வலமிருந்து இடம். ஆண்கள் பலர் உலகக் கப்பல்களில் மாலுமிகளாய்ப் போய்விட, வீட்டையும் ஊர்க் காரியங்களையும் பெண்கள் நடத்துகின்றனர். வர்ணம் தீட்டிய நீண்ட பந்தயப் படகுகளைக் கொட்டகையில் வைத்துப் பேணுகின்றனர். எங்கள் மனைவியார் ஒவ்வொன்றையும் பார்த்து, "மாமி பார்த்திருக்க வேண்டுமே" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அம்மாவுக்காக மாசித் துண்டு நான்கு வாங்கினோம்.

மாலையில் கப்பலுக்குத் திரும்பியபோது, இருவரும் காற்றுப் படாத பக்கமாக மேல்தட்டில் உட்கார்ந்து வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தனர். நாங்கள் மன்னிப்புக் கேட்கும் குரலில் ஏதோ தொடங்கினோம். அம்மா இடைமறித்து, "நாலு மாசம் வயிற்றைப் பற்றியே யோசித்தீர்கள். என் முழங்காலை ஒருவரும் விசாரிக்கவில்லை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை; இருந்தாலும் உண்மை. எங்கள் திட்டத்தின் பெருங்குறை அதுதான். உணவுக்கு அத்தனை கடிதம் எழுதிய நாங்கள், கப்பலிலிருந்து எப்படி இறங்குவது என்று ஒரு வரி கேட்டிருந்தால், அகத்தித் தீவுக்கு விமானம் உண்டே, அதில் அம்மாவை அழைத்துச் சென்று ஒரே தீவில் தங்கியிருக்கலாம். செலவு மிகுதி, ஆனால் இரண்டு ஆண்டு சேமித்திருப்போம். முதியோரை அழைத்துச் செல்லும் அன்பர்கள் ஆகாரத்துக்கு முன் படகை விசாரியுங்கள்.

திரும்பும் வழியில் எர்ணாகுளம் நிலையத்துக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடையில் அமர்ந்தோம். பரிமாறுபவர் வந்து, கோழி இருக்கிறது, மீன் இருக்கிறது என்று அடுக்கினார். அம்மா வாயைத் திறக்குமுன்பே ஆச்சி, "கோழி எங்கே அறுத்தது? எங்கள் மதினிக்கு விசாரிக்காமல் ஆகாது" என்றார். அவருக்கு அந்தக் கேள்வி தெளிவாகப் புரிந்தது. அவர் முகம் சுளித்ததும் எங்களுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அம்மா சிரித்துக்கொண்டே, "விடுங்கள் மதினி, தயிர்ச்சோறு போதும்" என்றார். எழுவரும் தயிர்ச்சோறு உண்டு வண்டி ஏறினோம்.

அம்மா இப்போது இந்தக் கூட்டத்தில் மூன்றாம் வரிசையில் அமர்ந்து, நாங்கள் ஏதேனும் தவறாகச் சொல்கிறோமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். அண்ணாச்சியும் ஆச்சியும் ஓய்வுக்குப் பின் ஊருக்குப் போய்விட்டனர். மாதம் ஒருமுறை தொலைபேசியில் முழங்காலை விசாரிக்கின்றனர். நாங்கள் அன்று எழுதிய விண்ணப்பங்களின் நகல்கள் வீட்டில் பத்திரமாக இருக்கின்றன. அனுமதி விதிகளும் கப்பல் கால அட்டவணையும் மாறுபவை ஆகையால், அவற்றைப் புதிதாக விசாரித்துக்கொள்ள வேண்டும். நகல் வேண்டுவோர் ஞாயிறு மாலையில் வரலாம்.